யூரின் கிளியர் என்ற பிறகு எங்கே போவது?

மலேசியா, கீழ்ப்பேராக் தோட்டப்புற டவுன்களின் அரசாங்க கிளினிக்குகளில் வேலை செய்யும் டாக்டர்கள், எம்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளர்கள், மிஸ்ஸிகள் என்று நாங்கள் கூப்பிடும் தாதியர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாநிலச் சுகாதார இலாகாவுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் இதன் நகல் போகிறது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். தெலுக் இந்தானுக்கும் ஊத்தான் மெலிந்தாங்குக்கும் இடைப்பட்ட பகுதியில், செம்பனைத் தோட்டங்களில் மிச்சமிருக்கும் லயத்து வீடுகளிலும் புதுத் தாமான் குடியிருப்புகளிலும் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் கொண்டு விடுவது என் வேலை. சில வருடங்களாக மூத்திரப்பைக் கோளாறு இருக்கிறது. அரசாங்க கிளினிக், தனியார் கிளினிக் என்று எங்கே போனாலும் கடைசியில் ஒரே பதில்தான்: "யூரின் கிளியர் ஆன்ட்டி, ஒன்றுமில்லை." எந்த கிளினிக், எந்த டாக்டர் என்று பெயர் சொல்லிச் சண்டை போட இதை எழுதவில்லை. ஓரிடத்துக் குறையாக இருந்தால் புகார்ப் பாரம் எழுதிப் பெட்டியில் போட்டிருப்பேன். எங்கே போனாலும் கதை அதே இடத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து ஒரு மடல்.

யூரின் கிளியர் என்றால் அந்தச் சோதனையில் கிருமி தெரியவில்லை, அவ்வளவுதான். வலிக்குக் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பதிலோடு உங்கள் வேலை முடிந்துவிட்டதாக எங்களை வெளியே அனுப்புகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கேதான் தேடல் தொடங்க வேண்டும்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில், வரிசையில் நிற்பவர்கள் காது கேட்க, "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். நீர்க்கடுப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முழுக்கதை இது. அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, உள்ளிருந்து அழுத்துகிற ஒரு வலி. மூத்திரம் சேரச் சேர வலி கூடும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும். ஆனால் கை கழுவி முடிப்பதற்குள் மறுபடியும் முட்டும், போனால் நாலு சொட்டு. இரவிலும் இதே கூத்து, தூக்கம் துண்டு துண்டாகத்தான். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கடுமை. சில வாரம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், சரி, தொலைந்தது என்று நினைக்கும்போது திரும்ப வரும். காய்ச்சல் கிடையாது. தாம்பத்தியத்திலும் வலி உண்டு. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் பெரும்பாலான டாக்டர்கள் இதைக் கேட்பதே இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

வேன் ஓட்டுகிறவளுக்கு இந்த நோய் வந்தால் ஊரின் கழிப்பறைகள் எல்லாம் மனப்பாடம். எந்தப் பெட்ரோல் ஸ்டேஷனில் விடியற்காலையில் கதவு திறந்திருக்கும், எங்கே சாவி கேட்க வேண்டும், எந்தச் சீனர் கோப்பிக்கடையில் ஒன்றும் வாங்காமல் போனாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், எந்தக் கோயில் குழாயில் தண்ணீர் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிள்ளைகளை வேனில் வைத்துவிட்டு இறங்க முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன், பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிய பிறகுதான் முதல் வாய். சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் தண்டாயுதபாணி கோயிலில் ஊரே திரளும், நான் கூட்டம் கலைந்த பிறகு போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தை விட்டே ரொம்பக் காலமாகிறது. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. "ஒன்றுமில்லை" என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி நாளை ஓட்டுகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி அந்தப் பட்டைச் சோதனைக்கு வருவோம். கப்பில் பிடித்துக் கொடுக்கிறோம், நீங்கள் ஒரு பட்டையை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறீர்கள். தொற்றுக்காக அதில் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு கட்டங்கள்: நைட்ரைட், வெள்ளணு (வெள்ளை ரத்த அணு). மூத்திரத்தில் இயல்பாக இருக்கும் நைட்ரேட்டைச் சில வகைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றும். ஈ. கோலை மாற்றும், என்டரோகாக்கஸ் மாற்றாது. மாற்றுகிற கிருமிக்கும் நேரம் வேண்டும், மூத்திரம் பையில் ஏறக்குறைய 4 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். அரை மணிக்கொரு தரம் ஓடுகிறவள் பையில் எது 4 மணி நேரம் தங்கும்? யாருக்கு உபத்திரவம் அதிகமோ அவருக்குத்தான் இந்தக் கட்டம் அதிகமாக ஏமாற்றும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது, தோட்டக் கணக்கரான கிராணி தன் புத்தகத்தில் உள்ள பெயர்களைத்தான் கூப்பிடுவார். புத்தகத்தில் இல்லாதவன் அவர் எதிரிலேயே நின்றாலும் அன்றைக்கு அவன் ஆள் கணக்கில் இல்லை.

அப்புறம் கல்ச்சர், அதாவது மூத்திரத்தை லேபில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனை. அனுப்பினால் நல்லது, பல நேரம் அனுப்புவதே இல்லை. அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 100,000 கிருமி வளர்ந்தால்தான் தொற்று என்ற கணக்கு, 1950-களில் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. கடுப்போடு வரும் பெண்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது, 100 இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று 1982-இல் வால்டர் ஸ்டாமும் அவர் குழுவினரும் காட்டினார்கள். சரி, அப்படியானால் எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. சிக்காகோ லொயோலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், மூத்திரப்பை கிருமியே இல்லாத இடம் என்ற பழைய நம்பிக்கை உடைந்தது. ஒரு தொல்லையும் இல்லாத பெண்களிடமும் கிருமிகள் இருந்தன. ஆக, கிருமி இருந்தால் நோய், இல்லாவிட்டால் சுகம் என்ற கணக்கு இரண்டு பக்கமும் இடிக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. எங்களிடம் பேசும்போது மட்டும் ஏன் எல்லாம் அந்த ஒரு கிளியரில் அடங்கிவிடுகிறது?

கிளியர் என்று சொன்ன கையோடு, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆன்டிபயாட்டிக் எழுதுவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கிருமி இல்லையென்றால் அந்த மாத்திரை யாரைக் கொல்லப் போகிறது? ஒரு கோர்ஸ் முடியும், வலி அப்படியே இருக்கும், அடுத்த கோர்ஸ் வேறு நிறத்தில் வரும். மிஞ்சுவது வெள்ளைப்பாடும் வயிற்றுப்போக்கும்தான். நாளைக்கு நிஜமாகவே தொற்று வந்தால் எந்த மருந்தும் கேட்காமல் போகலாம் என்று நீங்களே சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் கொஞ்சம் சுகமானதும், "பார்த்தீர்களா, தொற்றுதான்" என்றார் ஒருவர். இந்த வலி தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். இறங்குகிற வாரத்தில் முருங்கைக்கீரை தின்றிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போயிருக்கும்.

இந்த மாதிரி வலிக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. இண்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ் என்பார்கள். இப்போது சிறுநீர்ப்பை வலி நோய் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த டாக்டர் கை ஹன்னர், பெண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் கண்ட ஒரு வகைப் புண்ணைப் பற்றி 1915-இல் எழுதினார். அதன் பிறகு வெகுகாலம் டாக்டர்கள் அந்தப் புண்ணைத்தான் தேடினார்கள், புண் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். புண் இருப்பது இந்த நோயாளிகளில் சிறு பகுதியினருக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பதற்காக ஒரு கறாரான விதிப் பட்டியல் போட்டார்கள். ஆராய்ச்சிக்குப் போட்ட பட்டியலை வைத்தே கிளினிக்கில் நோயாளியையும் அளந்தார்கள். 1999-இல் சரிபார்த்தபோது, அனுபவமுள்ள டாக்டர்கள் 'இது அந்த நோய்தான்' என்று முடிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பட்டியலில் தேறவில்லை. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் இன்றைய வழிகாட்டி அவ்வளவு கறார் இல்லை. சிறுநீர்ப்பையைச் சார்ந்த வலியோ அழுத்தமோ 6 வாரத்துக்கு மேல் இருக்கிறதா, கூடவே அடிக்கடி போகிற தொல்லை இருக்கிறதா, தொற்றோ வேறு காரணமோ இல்லையா என்று பார்க்கச் சொல்கிறது. அதற்கு நோயாளி சொல்வதைக் கேட்க வேண்டும், உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மூத்திரத்தைச் சோதித்து கல்ச்சர் அனுப்ப வேண்டும். உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் தேவைப்படாது. இத்தனையும் நம் டவுன் கிளினிக்கில் செய்யக் கூடியவைதான்.

எனக்கு இந்த நோய்தான் என்று சாதிக்க வரவில்லை. வேறு காரணம் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தேடியிருக்க வேண்டும் என்கிறேன். இனிப்புநீரை, அதாவது நீரிழிவை, நன்றாகத் தேடுகிறீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்த பிறகு தேடாமல் இருக்க முடியுமா? மற்றவற்றையும் அதே அக்கறையோடு தேடினால் என்ன? பட்டையில் வெள்ளணு தெரிகிறது, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் காசநோயையும் நினைக்கலாம். ஆண்டுக்கு 20,000-க்கும் மேல் காசநோயாளிகள் பதிவாகிற நாடு இது, அந்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. இளைஞன் ஒருவன் இதே தொல்லையோடு வந்தால் கெட்டமின் பழக்கம் உண்டா என்று அதட்டாமல் கேளுங்கள். அந்தப் போதைப்பொருள் மூத்திரப்பையை அரித்துச் சுருக்கிவிடும், 2007-இல்தான் டாக்டர்கள் இதைப் பற்றி எழுதவே தொடங்கினார்கள். மூத்திரத்தில் ரத்தம் தெரிந்த வயதானவரை, அதுவும் சுருட்டு, சிகரெட் பிடித்தவரை, வலியில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பவே கூடாது. அது புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

'ஸ்ட்ரெஸ்' என்று எழுதுகிறீர்கள். வேன் தவணை இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஸ்ட்ரெஸ் இல்லாமலா இருக்கும்? மனக்கவலை வலியைக் கூட்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதியதும் ஃபைல் மூடிக்கொள்கிறது. நிஜமாகவே அதுதான் காரணம் என்று நினைத்தால் அதற்காவது கவுன்சலரிடம் ஒரு தேதி வாங்கிக் கொடுங்கள். அதுவும் கிடையாது.

"தண்ணீர் நிறையக் குடிங்க ஆன்ட்டி" என்பது இன்னொன்று. தொற்றுக்கு அது சரி. காரணம் தெரியாத வலிக்கு, வேன் சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு, லிட்டர் கணக்கில் குடி என்பது தண்டனை. என்னைப் போல ஒரேயடியாகக் குடிக்காமல் காய்வதும் ஆகாது, மூத்திரம் கெட்டியானால் எரிச்சல் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும். இதைச் சொல்லித் தர அரை நிமிடம் போதும். கிரான்பெரி ஜூஸ் வாங்கிக் குடி என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள், இந்த நோய் உள்ள பலருக்கு அந்தப் புளிப்பே எரிச்சலைக் கிளப்பும். கோப்பி, தேநீர், எலுமிச்சை, தக்காளி, காரம், காஸ் தண்ணீர் எல்லாம் அதே ஜாதி. எல்லாருக்கும் எல்லாமும் சேராது என்றில்லை, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) நிறுத்தியதில் வித்தியாசம் தெரிந்தது. தே ஓ ஐஸ் லிமாவ் (எலுமிச்சை போட்ட ஐஸ் தேநீர்) குடித்தால் அன்றைக்கே பதில் சொல்லும். புளிப்பும் காரமுமான அசாம் பெடாஸ் குழம்பை விட மட்டும் இன்னும் மனசு வரவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். இந்தச் சுற்றலில் ஓர் இளம் டாக்டரைப் பார்த்தேன், மலாய்க்காரப் பெண். "எனக்கும் இது என்னவென்று தெரியவில்லை அக்கா, ஆனால் தேடுவோம்" என்றார். அவர் செய்ததில் பெரிய வித்தை எதுவுமில்லை. மூன்று நாளைக்கு ஒரு தாளில் நேரம், குடித்தது, ஒவ்வொரு தடவையும் வந்த அளவு எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பிளாஸ்டிக் அளவுக் குவளை வாங்கி அளந்தேன். பெரியவர்களின் மூத்திரப்பை 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும், எனக்குப் பெரும்பாலும் 100-ஐத் தொடவில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் பேச்சே மாறியது. அடிக்கடி போவது மட்டுமல்ல, ஒவ்வொரு தடவையும் அளவு கொஞ்சம் என்றால் அது இனிப்புநீரில் குடம் குடமாகப் போவதிலிருந்து வேறு. அப்புறம் என் சம்மதம் கேட்டு, ஒரு மிஸ்ஸியைக் கூட வைத்துக்கொண்டு, இடுப்படித் தசைகளைத் தொட்டுப் பார்த்தார். இறுகிப்போய், தொட்டாலே வலித்தது. அதுவரை ஒரு துண்டுத்தாளைப் பார்த்துத் தசையை இறுக்குகிற பயிற்சி செய்துகொண்டிருந்தேன், அதை நிறுத்தச் சொன்னார். இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும், தளர்த்தத்தான் பழக வேண்டும் என்று பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார். இரவில் போட அமிட்ரிப்டிலின் சின்ன அளவில் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மருந்தாயிற்றே என்று என் முகம் போனதைக் கவனித்து, சிறிய அளவில் இது நரம்பு வலிக்குக் கொடுப்பது என்று விளக்கினார். காலையில் வேன் ஓட்டுகிறவள் என்பதால் தூக்கக் கலக்கம் விடிவதற்குள் போகும்படி முன்னிரவிலேயே போடச் சொன்னதும் அவர்தான்.

முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் இரவில் தொடர்ந்து சில மணி நேரம் தூங்க முடிந்தது. பிறகு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்து வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அதில் பழைய தொற்று வரலாறு மட்டும்தான் இருந்ததாம். என்னிடம் கப்பை நீட்டினார்.

டாக்டர்கள் மாறுவதை யாரும் தடுக்க முடியாது. ஒரு டாக்டர் மாறினாலும் தேடல் தொடர்கிற மாதிரி எழுதி வைக்க முடியும். சுகாதார இலாகாவிடம் கேட்பது இதைத்தான்: 6 வாரத்துக்கு மேல் தொல்லை, கல்ச்சரும் கிளியர் என்றால், அடுத்த கப்புக்குப் பதில் அந்த மூன்று நாள் தாளைக் கொடுக்க வேண்டும், அதைப் பதிவில் ஏற்ற வேண்டும், நிபுணருக்கு ரெஃபரல் லெட்டர் எழுத வேண்டும். 2023-இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, ஆரம்ப சிகிச்சை நிலையங்களைப் பலப்படுத்தப் போவதாகச் சொல்கிறது. இதிலிருந்து தொடங்கலாம், கட்டடம் கூடத் தேவையில்லை. கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரிடம் 5 ரிங்கிட் என்கிற கட்டணத்தைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. ஈப்போ வரை போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறது, அந்த நாள் வீணாகாமல் இருக்க லெட்டரில் முழு விவரம் இருக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு நகல் அனுப்பக் காரணம் இருக்கிறது. என் அம்மா வெளிக்காட்டு வேலை செய்தவர். அவர் காலத்தில் தோட்டத்துக்கென்று மருந்து கொடுக்கிற ஒரு டிரசர் இருந்தார். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை என்று சனங்கள் கேலி செய்வார்கள், ஆனாலும் எந்த லயத்தில் யார், என்ன வேலை, போன மாதம் எதற்கு வந்தாள் என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் கைமாறி, சனம் டவுனுக்கு வந்து, பல இடங்களில் அந்த ஆஸ்பத்திரிக் கொட்டகை மூடிவிட்டது. வேலை மட்டும் மாறவில்லை. உரம் போடுகிற, மருந்து அடிக்கிற, உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்களுக்கு இன்றும் காட்டில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் அடக்குவார்கள், அடக்க முடியாது என்று பயந்து வெயிலில் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். இப்படிக் காய்ந்துகொண்டே வேலை செய்தால் கல்லும் தொற்றும் வர வழியுண்டு என்பதை டாக்டர்கள் சொல்வார்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்களுக்கு இன்னும் மோசம், கிளினிக் வரையே வர மாட்டார்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் நல வசதிகளுக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழம் ஏற்ற லாரி போகிற பாதையில் இழுத்துக்கொண்டு போகிற ஒரு கழிப்பறை போகாதா?

டாக்டர்களே, தோட்டத்து வேலை செய்கிற பெண் நீர்க்கடுப்பு என்று வந்தால், "வேலையிடத்தில் டாய்லெட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவள் சொல்கிற பதிலை எழுதி வையுங்கள். பத்துப் பேர் ஒரே தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அதை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்ப உங்களால் முடியும், என்னால் முடியாது.

இந்த மடலோடு அந்த மூன்று நாள் தாளை இணைத்திருக்கிறேன். தமிழிலும் மலாயிலும் என் மகள் டைப் செய்தது. நேரம், குடித்தது, வந்த அளவு, வலி எவ்வளவு, என்ன சாப்பிட்டது என்று ஐந்து கட்டம் இருக்கும். திருத்த வேண்டியதைத் திருத்திக் கவுண்டரில் வையுங்கள். தீர்ந்துபோனால் சொல்லியனுப்புங்கள், போட்டோஸ்டேட் எடுத்து நானே கொண்டுவந்து தருகிறேன். மத்தியானம் பிள்ளைகளை இறக்கி முடித்துவிட்டால் நான் சும்மாதான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி வேன் ஓட்டுநர்,
கீழ்ப்பேராக்.